பாலத்துக்கு அந்தப் பக்கம் தமிழ்வேந்தன்

தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான நகரியில் விசைத்தறி ஓட்டும் துர்காதேவி மகனை நேரில் பார்த்து நான்கு வருடம் ஆகியிருந்தது. தமிழ்வேந்தனுக்குப் போலந்தில் லாரிப் பட்டறை வேலை. குடியிருப்பு அட்டை இன்னும் கைக்கு வராததால் அந்த நாட்டைவிட்டு வெளியே கால் வைக்க முடியாது. ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் மகள் யாமினிதான் அம்மாவை வரவழைத்து, அண்ணனைப் பார்க்க ஓர் இடத்தையும் கண்டுபிடித்தாள்: மூஸ்காவ் பூங்கா.

இருநூறு வருடங்களுக்கு முன் ஓர் இளவரசர் நைசே ஆற்றின் இரு கரையிலும் உருவாக்கிய பூங்கா அது. போருக்குப் பிறகு ஆறே எல்லையானது. பாதிப் பூங்கா ஜெர்மனியில், பாதி போலந்தில். நடுவே ஒரு பாலம்.

பாலத்தின் முனையில் துர்காதேவி நின்றுவிட்டாள். எதிர்க்கரையில் தமிழ்வேந்தன் இரண்டு கைகளையும் ஆட்டினான்.

"இன்னாம்மா, அங்கியே நின்னுக்கினு கீற? வா!"

"இருடா! பாஸ்போர்ட்டு பாக்கறவங்க யாரையும் காணோமே?"

"யாரும் பாக்க மாட்டாங்கம்மா. உன் விசா ரெண்டு தேசத்துக்கும் செல்லும்," என்றாள் யாமினி.

"நம்மூரு பார்டர்லயே லாரிய நிறுத்திப் பாக்கறாங்க. இது வேற தேசம்டி. நான் பாட்டுக்குப் போயி, அவன் கார்டுக்கு எதனா ஆயிட்டா?"

யாமினி எவ்வளவு சொல்லியும் அவள் அசையவில்லை.

அப்போது பாலத்திலிருந்து நரைத்த தலையோடு ஓர் அம்மாள் நாயைப் பிடித்துக்கொண்டு வந்தாள். துர்காதேவி விறுவிறுவென்று போய்ப் பாஸ்போர்ட்டை விரித்து அவளிடம் நீட்டினாள். அந்த அம்மாள் ஒரு கணம் திகைத்தாள். கண்ணாடியைச் சரிசெய்து படத்தைப் பார்த்தாள். துர்காதேவியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்து ஏதோ சொன்னாள்.

"இன்னாடி சொல்றாங்க?"

யாமினிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"போட்டோவவிட நேர்ல அழகா கீறியாம். நீ போலாம்மா."

துர்காதேவி அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பலகைகள் அதிர ஓடினாள். அக்கரையில் கால் வைத்ததும் தமிழ்வேந்தன் அவளை அப்படியே தூக்கி ஒரு சுற்று சுற்றினான்.

"எறக்குடா, ஜனம் பாக்குது!" என்று கத்தினாளே தவிர, அவன் கழுத்தை விடவில்லை. அவள் கண்ணீர் அவன் தாடியையெல்லாம் நனைத்தது.

மாலைவரை மரங்களுக்கடியில் மூவரும் நடந்தார்கள். சித்தப்பா மகள் பவ்யாவின் கல்யாணத்தில் பந்தல் சரிந்த கதை, பக்கத்து வீட்டுச் சண்டை, புத்தூர் மாமா புதிதாகக் கார் ஓட்டப் பழகும் லட்சணம் என்று துர்காதேவி தமிழும் தெலுங்குமாகக் கொட்டித் தீர்த்தாள்.

"மூச்சு வுட்டுக்கினு பேசும்மா," என்றான் மகன்.

"நீ வாய மூடிக்கினு கேளு," என்று அவன் கையைப் பிடித்து ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, அடுத்த கதையை ஆரம்பித்தாள்.