இடது பக்கம்

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. காதுக்காரர் என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். வண்டியில் ஏதோ சத்தம் என்று யார் வந்தாலும், தெருக்கோடி வரை ஒருமுறை ஓட்டிவிட்டு வரச் சொல்வார். கேட்டில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பெல்ட் என்பார், சைலன்சர் என்பார். சொன்னால் சொன்னதுதான். அந்தப் பெருமை அவருக்குத் தலைக்கேறிக் கிடந்தது. எனக்கும் கொஞ்சம் ஏறியிருந்தது, பொய் சொல்வானேன்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை என் தம்பி பேச்சு எடுபடவில்லை.

எங்கள் காருக்கு வயதாகிவிட்டது. ஆனால் அது ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். சிறுநீரக சிகிச்சைக்குப் போகிறவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், முடிந்ததும் திரும்பக் கூட்டிவருவதுதான் அவர் தொழில். சில மாதங்களாக வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஊ என்று ஓர் ஊளை. வேகம் கூடினால் ஊளையும் கூடும். நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அவர் பாட்டுக்கு ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருப்பார். பெண்டாட்டி பேச்சென்றால் இளக்காரம், வேறென்ன என்று நானும் பொருமிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் கூட்டிப்போகும் ஓர் அம்மா, தலை வெடிக்கிறது, திங்கட்கிழமைக்குள் இதைச் சரிபண்ணாவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அப்புறம்தான் ஐயாவுக்கு உறைத்தது. பின்சக்கர பேரிங் என்றார்.

கைக்கு உதவியாகத் தம்பியை வரச் சொன்னேன். அவன் வந்ததும் எங்கள் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். இறங்கியதும், "அத்தான், இடது பக்கம் திருப்பும்போதுதான் சத்தம் கூடுது. அப்ப பாரம் வலது பக்கம் சாயுது. வலது பேரிங்தான் போயிருக்கணும்," என்றான்.

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இடது," என்றார்.

ரெண்டு பக்கமும் மாற்றிவிட்டால் என்ன என்று கேட்டேன். அவர் இடதுக்கு மட்டும்தான் வாங்கி வைத்திருந்தார். தம்பி தலையைச் சொறிந்துகொண்டு ஜாக்கியை எடுக்கப் போனான். காதுக்காரரிடம் போய் யார் மல்லுக்கு நிற்பது?

முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். அவர் ஒரு கையைச் சுருள் ஸ்பிரிங்கின் மேல் வைத்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். பேரிங் கெட்டிருந்தால் அந்த அதிர்வு ஸ்பிரிங் வழியாகக் கைக்குத் தெரியும். எனக்கு விசித்திரமாக இருந்தது. அப்படிப் பார்க்கிறவர்களை, காது எதுக்குடா வச்சிருக்க, தோடு மாட்டவா என்று கிண்டல் செய்கிற ஆள் அவர்.

சக்கரத்தைக் கழற்றி, நடுவிலிருந்த மூடியை நெம்பி, நட்டை அவிழ்த்து, பிரேக் டிரம்மை இழுத்தார்கள். துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. தம்பிக்கு வியர்த்துக் கொட்டியது. பழைய பேரிங் கறுத்துப்போன கிரீஸோடு வெளியே வந்தது. நான் டிரம்மைத் துடைத்துக் கொடுத்தேன். இந்த வேலையெல்லாம் எனக்கு அத்துப்படி. கல்யாணமான நாளிலிருந்து ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கிறவள் நான்.

புது பேரிங்கின் வெளிவளையத்தை டிரம்முக்குள் அடித்து இறக்க வேண்டும். இறங்கும்வரை சுத்தியல் அடி டிங் டிங் என்று கேட்கும். அடியில் போய் உட்கார்ந்ததும் டொக் என்று கெட்டியாகிவிடும். சத்தம் மாறியதும் கையை நிறுத்திவிட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அன்றைக்கு டொக் என்றது. அவர் நிறுத்தவில்லை. மறுபடியும் அடித்தார், மறுபடியும். நான் என்னங்க என்றேன். திரும்பவில்லை. பிறகு விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, சுத்தியலைக் கீழே வைத்தார்.

எல்லாவற்றையும் பூட்டி, மூன்று பேரும் ஏறிக்கொண்டோம். அவர்தான் ஓட்டினார். பெரிய ரோட்டில் ஏறி வேகம் எடுத்ததும், ஊ என்று அதே ஊளை. இம்மியும் குறையவில்லை.

அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியாடா, பூனை மாதிரி போகுது," என்றார்.

தம்பி பின்சீட்டிலிருந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னால் ஒரு லாரி ஹாரன் மேல் ஹாரன் அடித்தது. அவர் ஒதுங்கவே இல்லை. லாரிக்காரன் சுற்றிக்கொண்டு முந்திப் போகும்போது திட்டினான். அவர் திடுக்கிட்டு ஸ்டியரிங்கை இறுக்கினார். இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறது. திமிர் என்று நினைத்து அவரைத் திட்டியிருக்கிறேன். பாவி நான்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி கை கழுவப் போனான். அவர் குனிந்து சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பெரிய ஸ்பேனரைச் சிமெண்டுத் தரையில் போட்டேன். எதிர்வீட்டு நாய் குரைத்தது. அவர் திரும்பவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

சாமான் பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தவர் என்னையும் பார்த்தார், கீழே கிடந்த ஸ்பேனரையும் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"சத்தம் போகலையா?" என்றார்.

வாயாடி என்று பெயர் எடுத்தவள் நான். குனிந்து ஸ்பேனரை எடுத்துப் பெட்டிமேல் வைத்தேன்.

வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு அவரே சொன்னார். ரெண்டு சக்கரமும் கைக்கு ஒரே மாதிரிதான் இருந்ததாம். குத்துமதிப்பாக இடது என்றாராம். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது, மற்றவர்கள் வாயைப் பார்த்துச் சமாளித்தேன் என்றார்.

"வீட்டுல எனக்கு ஒரு குறையும் தெரியல. நீதான் எப்பவும் கத்துவியே," என்றார்.

என் வாய்க்கு இப்படி ஒரு பாராட்டு வர வேண்டுமா? இந்த வாயை வைத்துக்கொண்டு எத்தனை நாள் அவரைச் செவிடன் என்று வைதிருக்கிறேன்.

"நாளைக்குக் காலையில அந்தம்மாவைக் கூட்டிட்டுப் போகணும். சத்தம் போயிடுச்சுன்னு நீ சொன்னா வண்டிய எடுக்கறேன். நீ சொல்றதுதான்," என்றார்.

வாடகை, அரிசி, அவர் பெயர், எல்லாம் என் நாக்கில் நின்றது. அந்த லாரியும் நின்றது. பின்சீட்டில் ஊசி குத்திய கையோடு சாய்ந்து உட்காரும் அந்த அம்மாவும்.

"போகலங்க," என்றேன். உதடு நடுங்கியதில் அவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது.

"சத்தமாச் சொல்லு," என்றார்.

கத்திச் சொன்னேன். எதிர்வீட்டில் கதவு திறந்தது. அவர் தலையாட்டிவிட்டு, கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.