அம்மாவிடம் லீவு

லீவுன்னு சொல்லிடுங்க பெரியம்மா... அப்படித்தானே சொன்னாள் குட்டி, அக்கா போனைக் கையால் பொத்தியிருந்தாள், பொத்தினால் கேட்காதா என்ன, இன்னைக்கு அம்மாகிட்ட எனக்கு லீவுன்னு சொல்லிடுங்க என்று காய்ச்சலில் கம்மிய குரல், ஏழு வயசுப் பிள்ளை பெற்றவளிடம் லீவு கேட்கிறது, இந்தக் கூத்து எங்கேயாவது உண்டா... இவள் ஹாலில் இரண்டாம் வரிசையைத் தாண்டி நடந்தாள், பரீட்சை முடிய இன்னும் நாற்பது நிமிஷம், மேற்பார்வைக்கு நிற்கும் டீச்சர்கள் போனை ஆபீசில் கொடுத்துவிட்டுத்தான் ஹாலுக்குள் வரவேண்டும், அது அங்கே அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம், சொன்ன புண்ணியவானை இந்த ஹாலில் கொண்டுவந்து மூன்று மணி நேரம் நிற்கவைக்க வேண்டும். கணவர் இறந்த பிறகு, ஒரே வருஷம் என்று சொல்லி அக்காவிடம் பிள்ளையை விட்டுவிட்டுக் கடல் தாண்டி வந்தவள், இது மூன்றாவது வருஷம்.

வந்த புதிதில் இப்படியா இருந்தது... மியூசியம் காட்டுகிறேன் என்று இருபத்தெட்டுப் பொடிசுகளோடு பஸ் மாறி ஏறி, சிமெண்ட் ஆலை வாசலில் போய் இறங்கி, பாஷையும் தெரியாமல் காவலாளியிடம் கையாலேயே கதகளி ஆடி, கடைசியில் பள்ளிக்கூட வேன் வரும்வரை ஆலை கேன்டீனில் பாட்டும் கும்மாளமுமாகக் கிடந்தது, குட்டிக்குப் போனில் அந்தக் கதை கேட்பது உயிர், காவலாளி எப்படிம்மா முழிச்சாரு, இன்னொரு தடவை சொல்லுங்க... ஒருநாள் வாய் சும்மா இருக்காமல், பயந்து அழுத ஒருத்தி இந்த அம்மா மடியிலேயே தூங்கிட்டா என்றும் சொல்லித் தொலைத்தாள். அவங்க அம்மா எங்க போயிருந்தாங்க என்று கேட்டாள் குட்டி. சரி சரி, ரெண்டாம் வாய்ப்பாடு சொல்லு பார்ப்போம்... அன்றைக்குப் பிடித்ததுதான், தினமும் வாய்ப்பாடு, வாய்ப்பாடு எதிர்க்கேள்வி கேட்காது, பிள்ளை படிப்பில் கெட்டி என்று அக்காவும் மெச்சினாள், பிள்ளை கதை கேட்பதை எப்போது விட்டாள் என்று இவளுக்கு நினைவில்லை.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் கை தூக்கினாள், கூடுதல் பேப்பர் வேண்டுமாம், கொடுக்கப்போனால் முகமெல்லாம் வேர்த்துச் சிவந்திருக்கிறது, என்னம்மா உடம்பு முடியலையா, காய்ச்சலா, தண்ணி குடிக்கிறியா, இவள் கை தானாக அந்தப் பெண்ணின் நெற்றிக்குப் போனது... போன கை அங்கேயே நின்றது. காலையில் அக்கா என்ன சொன்னாள், பிள்ளைக்கு உடம்பு கொதிக்குதுடி என்றுதானே, இவள் என்ன சொன்னாள், எட்டாம் வாய்ப்பாட்டை மட்டும் ஒரு தடவை ஒப்பிச்சிட்டுப் படுக்கச் சொல்லுக்கா... அதற்குப் பிறகுதானே பிள்ளை லீவு கேட்டது. எத்தனை டிகிரி, டாக்டரிடம் காட்டினாயா, ஏதாவது சாப்பிட்டாளா... ஒன்றுகூடக் கேட்கவில்லையே, ஒன்றுமில்லை மிஸ், வெயில்தான் என்கிறது யாரோ பெற்ற இந்தப் பெண், இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் இருக்கிறது.