பார்க்காமல் விட்ட அறை

கைறுன்னிஸா விடிந்ததும் விடியாததுமாக எழுந்து அறையைக் கூட்டினாள். மேற்குச் சுவரோரம் உதிர்ந்து கிடந்த மண்ணை மட்டும் கூட்டாமல் விட்டு வைத்தாள். இன்றைக்கு வீடு பார்க்கக் கொத்து வேலை செய்கிற பாஸ் வருகிறார். வருகிறவர் கண்ணால் பார்க்கட்டுமே!

மாத்தளை டவுனில் அந்தத் தெரு முழுக்கப் பழைய ஓட்டு வீடுகள். கல்லும் மண்ணும் குழைத்து எழுப்பிய சுவர்கள். போன மழைக்குப் பக்கத்து வீட்டுச் சுவர் சாய்ந்து ஆடு ஒன்று செத்துப்போனது. அன்றோடு அவளுக்கு உறக்கம் போயிற்று. சின்ன அறை. எந்தப் பக்கம் பாயைப் போட்டாலும் அந்தச் சுவருக்குக் கீழேதான் படுக்க வேண்டும். வேறு அறைக்குப் போகலாமே என்றால், மற்ற இரண்டிலும் மகன் மர்சூக்கின் மிளகு மூட்டைகள் கூரை தட்டக் கிடந்தன.

புருஷன் மௌத்தாகி மூன்று மாதம். நான்கு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இத்தா இருக்க வேண்டிய காலம். அதில் அவளுக்குக் குறையே இல்லை. மனம் உடைந்ததெல்லாம் வேறு விஷயத்தில். மர்சூக் நாவுலயில் பெண்ணெடுத்து அங்கேயே இருந்தான். தினம் மாத்தளையிலிருக்கிற தன் மிளகுக் கடைக்கு வருவான், உம்மா வீட்டு முன்விறாந்தையில் நின்று, "உம்மா, நல்லமா?" என்பான். "நல்லம் மகன்" என்பாள். அவ்வளவுதான், செருப்புச் சத்தம் தூரப் போய்விடும். பக்கத்து வீட்டு ஸுபைதா சோறு கொண்டுவரும்போது பேசுகிற நாலு வார்த்தைதான் அவளுக்கு அன்றைய பேச்சு. சுவர் உதிர்வதை மகனுக்குச் சொல்லியனுப்பியதும் அந்த ஸுபைதாவிடம்தான்.

இஞ்ஞாசி பாஸ் வந்தார். ஊரில் பாதி வீட்டுச் சுவர் அவர் கை பட்டது. கைறுன்னிஸா கதவுத் திரைக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். டக், டக்கென்று அவர் தட்டிப் பார்ப்பது கேட்டது.

"இந்த மூலையில ஒழுகுது பாஸ். மிளகுல பூஞ்சணம் புடிச்சா என் பொழப்பு போச்சு" என்றான் மர்சூக்.

"நாலு ஓடு மாத்தினா சரி மொதலாளி. அந்த ரூம்?"

கைறுன்னிஸா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அது உம்மாட ரூம். இத்தாவுல இருக்காங்க. அத விடுங்க பாஸ், கொஞ்சம் மண் உதிருதாம், மத்தபடி நல்லாத்தான் இருக்கு."

நல்லாத்தான் இருக்காம்! வாப்பாவின் ஜனாஸாவைத் தோளில் சுமந்து வெளியே போனவன், அதற்குப் பிறகு ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தானா? பாஸ் விறாந்தைப் பக்கம் நடக்கிற சத்தம் கேட்டது. இப்போது வாயைத் திறக்காவிட்டால் அடுத்த மழைக்கு யார் இருப்பார்களோ?

"மகன்!" கூச்சத்தை விழுங்கிக்கொண்டு குரல் கொடுத்தாள். "நான் பின்கதவால குசினிக்குப் போறேன். பாஸ இந்த ரூமுக்குக் கூட்டிட்டு வாங்க."

அவள் போனதும் இருவரும் உள்ளே வந்தார்கள். பாஸ் தட்டக்கூட இல்லை. உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தினார். ஒரு பெரிய கட்டி மண் பெயர்ந்து பாயின் மேல் தொப்பென்று விழுந்தது.

"ஐயோ ஆண்டவரே! மொதலாளி, இதுக்கு அடியிலயா உம்மா படுக்குறாங்க? இது இன்னொரு மழைக்குத் தாங்காது. இன்னைக்கே அவங்கள மாத்துங்க."

மர்சூக் பாயைப் பார்த்தபடி நின்றான். தலையணை இருந்த இடத்தில்தான் மண் கிடந்தது. பாஸ் போனபிறகு, சமையலறையிலிருந்து வந்த உம்மாவின் முகத்தை மூன்று மாதத்தில் முதல் தடவையாகப் பார்த்தான். எவ்வளவு மெலிந்து போயிருந்தாள்!

"இத்தாவுல இருக்கீங்கன்னுதான் உம்மா, நான் உள்ள வரல்ல."

"இத்தா வெளி ஆம்பளைக்கு மகன். பெத்த புள்ளைக்கு ஏது இத்தா?" என்றாள் கைறுன்னிஸா. "மார்க்கம் சொல்லாத ஒண்ணச் சாட்டுச் சொல்லித் தள்ளி நிக்காதீங்க. உள்ள ஒரு மனிசி இருந்தா, விறாந்தையில நிண்டு நல்லமான்னு கேட்டாப் போதாது, வந்து பாக்கணும். செவரப் பாக்க பாஸ் வந்தாரு. என்னப் பாக்க யாரக் கூப்பிடுறது?"

மர்சூக் பக்கத்து அறைக்குள் போனான். ஒவ்வொரு மூட்டையாக முதுகில் ஏற்றி விறாந்தையில் கொண்டுபோய்ப் போட்டான். அறையைக் கூட்டினான். உம்மாவின் பாயை மண் தட்டி அங்கே விரித்துவிட்டு, பக்கத்திலேயே தானும் உட்கார்ந்தான். அப்போதுதான் ஓட்டின் மேல் மழை சடசடவென்று இறங்கியது.

கைறுன்னிஸா பதறினாள். "மகன், விறாந்தையில சாரலடிச்சு மிளகு நனையுதே!"

"நனையட்டும் உம்மா. நீங்க இருங்க."