பதினாலு கயிறும் முப்பத்து மூன்று மானும்

1

இந்தக் கதை திருட்டு. மன்னார்புரத்தில் இறங்க வேண்டியவன் நான். முன் சீட்டில் ஒரு பெண் போனில், "மிச்ச முப்பத்து மூணையும் சாக விடமாட்டேன் அத்தா!" என்று கத்தினாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "மானைச் சொல்றேன்," என்றாள் பொதுவாக. நான் இறங்காமலே போய்விட்டேன். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. அவளுக்கு அல்ஷிஃபா என்று பெயர் வைத்தேன். வீடு பாலக்கரை, வேலை கால்நடை டாக்டர்.

2

'காட்டில் பேரமைதி நிலவி—'

வேண்டாம். திருவெறும்பூர் தாண்டிய அந்த முள்காட்டை ஒட்டி நாள் முழுக்க லாரி ஓடுகிறது. நேராகவே சொல்கிறேன். போன ஐப்பசி மழைக்குப் பிறகு அங்கே நீலநாக்கு நோய் வந்தது. கடிக்கும் பூச்சி பரப்புகிற வைரஸ். நாக்கு வீங்கி, தண்ணீர் குடிக்க முடியாமல், அறுபது புள்ளிமானில் இருபத்தேழு செத்தன. அடுத்த மழைக்கு முன் மிச்சத்தைப் பிடித்து வேறு இடம் அனுப்புவது என்று வன அதிகாரி செபஸ்தியான் முடிவெடுத்தார். (அவரை வில்லனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. செத்த மான்களைப் புதைக்க அவரும்தான் மண்வெட்டி பிடித்தார்.)

"பிடிக்கிற பயத்துலயே பாதி செத்துடும் சார்," என்றாள் அல்ஷிஃபா. "பொழைச்சதுங்க உடம்புல எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும். காட்டுறேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டுங்க. இல்லேன்னா சனிக்கிழமை வலை."

3

மானைத் தொடாமல் சோதிக்க ஒரு வழி வைத்திருந்தாள். வெல்லத்தண்ணீரில் ஊறிய பருத்திக் கயிற்றை மரத்தில் கட்டினால் மான் வந்து மெல்லும். கயிற்றில் ஊறும் எச்சிலில் எதிர்ப்புச் சக்தி இருந்தால் லேபில் தெரிந்துவிடும். பதினாலு கயிறு கட்டினாள். பதினாலிலும் ஒன்றுமில்லை.

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தான் நம்பியது அறிவா, வெறும் ஆசையா என்று பயந்துபோனாள். (இங்கே அவளை அழவிட்டு ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். அவள் அழுகிற ஆள் இல்லை.) லேபிலிருந்து திரும்பிய கயிறு ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். சோப்பு வாசம்.

கயிறுகளை அவிழ்த்து வந்து கொடுத்த காட்டுக் காவலர் பிச்சையிடம் ஓடினாள். "பிச்சையண்ணே, கயித்த என்ன பண்ணீங்க?"

"ஒரே எச்சிலும் கோழையுமா இருந்துச்சு டாக்டரம்மா. அப்படியேவா உங்க கையில குடுக்கிறது? நல்லா தேய்ச்சு அலசி, காயவச்சுத்தான் குடுத்தேன்."

"யா அல்லாஹ்!" கோபத்தை முந்திக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது.

4

புதுக் கயிறுகளைப் பிச்சையே கட்டினார், பிச்சையே அவிழ்த்தார். முகத்தைச் சுளித்தபடி அலசாமல் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிசல்ட்: பதினாலில் பன்னிரண்டில் எதிர்ப்புச் சக்தி! செபஸ்தியான் காகிதத்தை இரண்டு முறை படித்தார். "வலைய திருப்பி அனுப்புங்கப்பா," என்றார்.

ஐப்பசி வந்தது. மழை வந்தது, பூச்சியும் வந்தது. கார்த்திகைக் கடைசியில் பிச்சை எண்ணினார்: முப்பத்து மூன்று. நம்பாமல் அல்ஷிஃபா எண்ணினாள். முப்பத்து மூன்றேதான். ஜெயித்துவிட்டாள், ஐயா! இதை அடக்கி வாசிக்க எனக்கு மனசில்லை.

5

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் மார்கழியில் நாலு குட்டிகள் பிறந்தன. சீம்பாலோடு வந்த தாயின் எதிர்ப்புச் சக்தி சில மாதம்தான் தாங்கும்.* அப்புறம் அவை தாமாகத்தான் அந்த வைரஸைச் சந்தித்து—

(* அல்ஷிஃபா சொன்னது. நான் சேர்த்தது அல்ல.)

இதற்கு மேல் எழுதமாட்டேன். அடுத்த ஐப்பசி உங்களுடையது. நாலையும் வாழவைத்தால் சந்தோஷம். ஒன்றையாவது சாகடிப்பதாக இருந்தால், பாலக்கரைக்குப் போய் அல்ஷிஃபாவிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.