மந்தைவெளித் திருப்பத்தில் சிவப்பு வெளிச்சம்

12 நவம்பர் 2025, புதன்கிழமை.
நேற்று எழுதியதில் ஒரு சின்னத் தவறு. ‘ஆட்டோ திடீரென்று பிரேக் போட்டது’ என்று எழுதியிருக்கிறேன். திடீரென்று போட்டதை நான் பார்க்கவில்லை. நான் பார்த்தபோது அது நின்றிருந்தது. ஆகவே ‘திடீரென்று’ என்பதை அடித்துவிட்டேன்.

இதை எழுதிவிட்டு ஸ்ரீலக்ஷ்மி பேனாவை மூடினாள். முழங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி நோட்டின் ஓரத்தில் உரசியது.

அவளுக்கு இருபத்து நான்கு வயது. பகலில் அடையாற்றில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மாலையில் மயிலாப்பூரில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் நடக்கும் கட்டட வரைபட வகுப்பு. வகுப்பில் சேர்ந்த முதல் நாளே, கட்டட வேலைக்குப் போகிறவர்கள் கண்டதைக் கண்டபடி தினம் ஒரு பக்கம் எழுதிப் பழக வேண்டும் என்று எல்லோருக்கும் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்கள். மற்றவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். இவள் ஏழு மாதமாக எழுதிவந்தாள். முந்தின நாள் எழுதியதை மறுநாள் படித்துத் திருத்தவும் செய்தாள். தான் எழுதியது என்பதற்காக எதையும் நம்பிவிடுகிற சுபாவம் அவளுக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை வகுப்புக்குப் போகிற வழியில், மந்தைவெளித் திருப்பத்தில் அவளுடைய ஸ்கூட்டர் ஓர் ஆட்டோவின் முதுகில் மோதியது. பெரிய அடி இல்லை. ஆனால் அந்தச் சில நொடிகள் பாதியில் கலைந்த கனவைப் போல அவளுக்குள் தங்கிவிட்டன. மழை விட்டிருந்தது. தூங்குமூஞ்சி மரங்கள் இலைகளை மூடிக்கொண்டிருந்தன. எங்கிருந்தோ சாம்பிராணி வாசம். மிக அருகில், யாரோ கதவைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டல்: டொக், டொக். பிறகு நேர் எதிரே ஒரு சிவப்பு வெளிச்சம், ஈரத்தில் பரவி, பெரிதாகிக்கொண்டே வந்தது. திருப்பத்துக் கோயில் பல்பாக இருக்கும் என்று நோட்டில் எழுதிவைத்தாள். தட்டல் எங்கிருந்து வந்தது என்பதற்கு எதிரே கேள்விக்குறி போட்டாள்.

அப்புறம் அவள் ஈரத் தார்மேல் உட்கார்ந்திருந்தாள். ஆட்டோவின் பின்விளக்கு உடைந்து மாதுளை முத்துகளாக அவளைச் சுற்றிக் கிடந்தது. ஆட்டோ நிற்கக் காரணமான கன்றுக்குட்டி, இதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் எதிர்ச் சந்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

எழுந்ததும் அவள் வாயில் முதலில் வந்தது சண்டைதான். இப்படியா நடுரோட்டில் நிறுத்துவீர்கள் என்று கேட்டாள். ஆட்டோக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். ஹம்மாத் என்று சட்டைப்பையின் மேல் பெயர்ப்பட்டை. பதிலுக்கு அவரும் கத்துவார் என்று காத்திருந்தாள். அவரோ ஸ்கூட்டரைத் தூக்கி நிறுத்தினார். அவள் முழங்கையைப் பார்த்தார்.

“பிரேக் லைட்டு எரிஞ்சிருக்காதும்மா,” என்றார். “ரெண்டு நாளா எனுக்கே டவுட்டா கீது. எம்மேலதான் தப்பு.”

மந்தைவெளி ஸ்டேஷன் ஸ்டாண்டில்தான் இருப்பேன், வலி கண்டால் கூப்பிடு என்று தன் போன் எண்ணையும் கொடுத்துவிட்டு, அவளுடைய எண்ணையும் வாங்கிக்கொண்டு போனார். அவளும் ஆமாம், அவர்மேல்தான் தப்பு என்று நினைத்தபடி வகுப்புக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை போனில் போக்குவரத்துக் காவலின் அபராதச் சலான் வந்தது. வண்டி ஓட்டும்போது செல்போனில் பேசிய குற்றம், மந்தைவெளி, செவ்வாய், மாலை 6.12. கூடவே கம்பத்துக் கேமரா எடுத்த படம். அதில் அவள் முகம் சற்றே இடப்பக்கம் திரும்பியிருந்தது. வலது கை கைப்பிடியை விட்டு உயர்ந்து, கன்னத்தருகே ஹெல்மெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. போனை ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு பேசிப் போகிறவர்களை அவளே எத்தனையோ முறை பார்த்து முகம் சுளித்திருக்கிறாள். படத்திலிருந்த பெண்ணும் அப்படித்தான் தெரிந்தாள்.

போன் பைக்குள்தான் இருந்தது. அழைப்புகளைப் புரட்டிப் பார்த்தாள். அன்று மதியம் இரண்டு மணிக்கு அப்புறம் எதுவும் இல்லை. சந்தேகத்துக்கு மூன்று தடவை பார்த்தாள். அப்படியானால் இந்தக் கை அங்கே என்ன செய்துகொண்டிருந்தது? படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் கை கரைந்து புள்ளிகளானதே தவிர, பதில் வரவில்லை.

அபராதம் சின்னது. ஆனால் போன் குற்றம் என்றால் லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்திவைத்தாலும் வைப்பார்கள் என்று பரிசோதனைக் கூடத்தில் சொன்னார்கள். ஆறு மணிக்கு அடையாற்றில் வேலை முடித்து ஆறரைக்கு மயிலாப்பூர் மாடியேற ஸ்கூட்டர் இல்லாமல் ஆகாது. டிசம்பரில் பரீட்சை. வருகை குறைந்தால் உட்கார விடமாட்டார்கள்.

மதியம் போனில் சொன்னபோது, மேற்கு மாம்பலம் வீட்டில் இருந்த அம்மா விசாலாக்ஷிக்கு இதெல்லாம் ஒரு விஷயமாகவே படவில்லை.

“அதைக் கட்டித் தொலைச்சுட்டு மூணு மாசம் பேசாம ஆத்துல இரு. கிளாஸ் எங்கயும் ஓடிப்போயிடாது.”

தான் பேசவே இல்லை என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

“பேசலைன்னா கையை ஏன்டி அங்க வச்சுண்டே?”

சனிக்கிழமை நேரில் போய் ஆட்சேபம் எழுதிக் கொடுப்பது என்று மட்டும் முடிவு செய்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை மாலையே வகுப்புக்கு வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி, அந்தத் திருப்பத்தைக் காலடியால் அளந்துகொண்டாள். ஆட்சேபக் கடிதத்தோடு இணைக்க, வகுப்பில் அதை நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் வரைய உட்கார்ந்தாள். சாலையின் அகலம், கேமராக் கம்பம், கன்றுக்குட்டி வந்த சந்து, ஆட்டோ, ஸ்கூட்டர். பக்கத்து மேசை அன்புச்செல்வி எட்டிப் பார்த்தாள். அவள் பகலெல்லாம் தி. நகர் ஜவுளிக்கடையில் புடவை மடிப்பவள். அரை விரல்கடை பிசகினாலும் அவள் கண்ணில் பட்டுவிடும்.

“ஏய், புள்ளையார எங்க காணோம்?” என்றாள். “திருப்பத்துல குட்டியா ஒரு கோயில் இருக்குல்ல? ரோடு போடறேன்னு அவரையே இடிச்சுட்டியா?”

எதையும் விடாமல் வரைந்ததாக நினைத்திருந்தவளுக்குச் சுருக்கென்றது. தினமும் கடக்கிற கோயில். பென்சிலை எடுத்துத் திருப்பத்தின் இடப்பக்கம் ஒரு சிறு சதுரம் போட்டாள். போட்டுவிட்டு அதையே பார்த்தாள். கோயில் இடப்பக்கம் இருந்தது. சிவப்பு வெளிச்சமோ நேர் எதிரே வந்தது. தாளில் நேர் எதிரே இருந்தது ஆட்டோ மட்டும்தான்.

அப்போது போன் அடித்தது. ஹம்மாத். முழங்கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். உடைந்த கண்ணாடியை மாற்றிவிட்டாராம். மெக்கானிக் பார்த்துவிட்டு விளக்கு நன்றாகத்தான் எரிகிறது என்று சொன்னானாம்.

“எனுக்குத்தான் நம்பிக்கை வர்ல. ஒயரிங் பூரா மாத்தச் சொல்லிக்கீறேன். அதுவரிக்கும் இருட்டினா சவாரி எடுக்கறதில்ல. இன்னொரு புள்ள வந்து வுழுந்துட்டா இன்னா பண்றது?”

அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். விளக்கு எரிந்தது என்றால் தப்பு தன்னுடையது. கன்னத்தில் கையோடு இருக்கும் அந்தப் படத்துக்கு அது இன்னொரு சாட்சி. வலி குறைந்துவிட்டது என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

அன்புச்செல்விக்கு இவள் இப்படிக் குழம்புவதே வேடிக்கையாக இருந்தது. கண்ணில் தூசி விழுந்தது, தட்டிவிட்டேன் என்று ஒரு வரி எழுதினால் ஆயிற்று என்றாள். தூசியைக் கேமரா பார்க்குமா? வீடு திரும்பும்போது வழியெல்லாம் ஸ்ரீலக்ஷ்மி அந்த வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். துரைசாமி சுரங்கப்பாதையைத் தாண்டுவதற்குள் தூசி உண்மையிலேயே விழுந்ததுபோல் கண் உறுத்தத் தொடங்கியிருந்தது.

சனிக்கிழமை காலை போக்குவரத்துக் காவல் அலுவலகத்தில் கூட்டம் இல்லை. மேலே ஒரு மின்விசிறி, சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துச் சுற்றியது. ஏட்டம்மா தேவானை வரைபடத்தை வாங்கி, அதைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பிப் பார்த்து, கோடு எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது என்றார். அழைப்புப் பட்டியலையும் பார்த்தார். பிறகு படத்தில் விரலை வைத்தார்.

“போன் இல்ல, சரி. அப்ப கை?”

தெரியவில்லை என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. தூசி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. தேவானை அவளை ஒரு நிமிடம் பார்த்தார். வரைபடத்தில் இருந்த சின்னச் சதுரத்தைப் பார்த்தார்.

“ஹெல்மெட்ட மாட்டு.”

மாட்டிக்கொண்டாள். உலகம் கொஞ்சம் தள்ளிப்போய், சத்தமெல்லாம் பஞ்சுக்குள் போனதுபோல் ஆயிற்று. வண்டி ஓட்டுவதுபோல் கையை வைத்துக்கொள்ளச் சொன்னார் தேவானை. வைத்துக்கொண்டாள்.

“திருப்பம் வருது. லெப்ட்ல யாரு? பாரு, புள்ளையாரு.”

சுவரில் அந்தப் பக்கம் ஒரு காலண்டர் பிள்ளையார் இருந்தார். அவள் முகம் திரும்பியது. வலது கை தானாக எழுந்து, ஹெல்மெட்டின் கன்னத்தில் இரண்டு தடவை போட்டுக்கொண்டது.

டொக், டொக்.

நான்கு நாளாகத் தேடிய சத்தம். சாம்பிராணி வாசம்கூட ஒரு நொடி வந்து போனது. அந்தத் திருப்பத்தில் தினமும் செய்தது. செய்கிறோம் என்று தெரியாமலே செய்தது. கை மேலே இருந்த நேரத்தில் கன்றுக்குட்டி இறங்கியது, விளக்கு எரிந்தது, முகம் திரும்பியபோது சிவப்பு வெளிச்சம் ஏற்கெனவே பெரிதாகியிருந்தது.

தேவானை சிரித்தார். “நானும் ஜீப்புல போறப்ப போட்டுக்கறவதான். ஆனா நான் ஓட்டல. ஓட்றவரு கையெடுத்தாருன்னா இறங்கிடுவேன்.” சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார். “நடந்தத நடந்தபடி எழுது. போன் கேஸ் நிக்காது. ஆனா ஒண்ணு, ஓடற வண்டியில கையெடுத்தேன்னு நீயே கையெழுத்துப் போட்டுக் குடுக்கற. அந்த ஆட்டோக்காரரு நாளைக்கு வந்து கேட்டா இந்தத் தாள்தான் உனக்கு எதிரா பேசும். யோசிச்சு எழுது.”

அவள் யோசித்தாள். தூசி இன்னும் போகவில்லை, அதையும் எழுதலாம். அதில் யாருக்கும் எதிராக எதுவும் இல்லை. ஒரே ஒரு ஆள் இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய், எரிகிற விளக்கை எரியவில்லை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

‘கோயிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வதற்காக வலது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்தேன்’ என்று தொடங்கி எழுதினாள். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தாள். அடிக்க ஒரு வார்த்தையும் இல்லை.

மேலே அனுப்புவதாகச் சொன்னார் தேவானை. போன் இல்லை என்று தானும் குறிப்பு எழுதுவார். லைசென்ஸ் விஷயம் பெரியவர்கள் கையில், ஒரு வாரத்தில் தெரியும். வெளியே வரும்போது, அடுத்த தடவை பிள்ளையாரை மனசுக்குள் கும்பிடு, அவருக்குக் காது பெரிசு என்றும் சொல்லி அனுப்பினார்.

மாலையில் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னாள். அந்தப் பழக்கத்தை, பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போன நாளில், தெருவுக்குத் தெரு நிறுத்திச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

“வண்டில போறச்சே வேண்டாம்னு சொல்லித் தரலியே நான்,” என்றார் விசாலாக்ஷி.

ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. தெருவில் போகிற வண்டிகளின் பின்விளக்குகள் ஈரத்தில் நீண்டு, ஒவ்வொன்றாக மங்கிப்போயின. ஸ்ரீலக்ஷ்மி நோட்டைத் திறந்து, செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் ‘கோயில் பல்பு’ என்பதை அடித்தாள். கேள்விக்குறியையும் அடித்தாள். பிறகு புதுப் பக்கத்துக்கு வந்தாள்.

15 நவம்பர் 2025, சனிக்கிழமை.
ஆட்சேபம் கொடுத்தாயிற்று. முடிவு தெரியவில்லை.
நாளை: காலை ஏழு மணிக்கு மந்தைவெளி ஸ்டேஷன் ஆட்டோ ஸ்டாண்ட். பஸ்ஸில் போக வேண்டும். ஹம்மாத் அண்ணனிடம் நேரில் சொல்ல வேண்டும்: உங்கள் விளக்கு எரிந்தது, நான்தான் பார்க்கவில்லை.