பதினெட்டும் பத்தொன்பதும்

காரின் பெட்ரோல் பம்பு வாயில் பூட்டியிருந்த பித்தளை இணைப்பைப் பார்த்ததுமே மெக்கானிக்குக்கு விஷயம் புரிந்துவிட்டது. பானெட்டுக்குள் குனிந்த தலையை அவன் நிமிர்த்தவில்லை. நிமிர்ந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே போயிருக்க வேண்டிய திருகு மரையில் பாதி வெளியே தெரிந்தது. மூன்று சுற்று ஏறி, சிக்கி, அதற்குமேல் நீள ஸ்பேனர் போட்டு நெரித்திருக்கிறது. இந்தப் பழைய பிரிட்டிஷ் பம்புக்கு அங்குலத்துக்குப் பத்தொன்பது மரை. கடைக்காரன் எடுத்துக் கொடுத்திருப்பதோ பதினெட்டு. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். கைக்கு இறுகிவிட்டது போலவே இருக்கும். உண்மையில் ஒன்றிரண்டு மரையைக் கடித்துக்கொண்டு தொங்கும். அதற்கு ஒரு சாண் கீழே புகைக்குழாய். வண்டி ஓடினால் அது பழுக்கக் காயும். ஒரு சொட்டுப் பெட்ரோல் பட்டால் போதும்.

"எப்படி மச்சான்? நானே பூட்டினது," என்றார் பின்னால் நின்ற தங்கை புருஷன். கணக்கு வாத்தியார். மூன்று வருஷமாக இந்தக் காரை ஒரு திருகு விடாமல் கழற்றிப் பூட்டியவர்.

"பிரமாதம் மாப்ள."

பாழாய்ப்போன வாய்! இதே வாய்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால், பத்துப் பேர் நடுவில், "ஸ்பேனரைக் கீழ வைங்க மாப்ள, உங்க கைக்குச் சாக்பீஸ்தான் சரி" என்று சொல்லி இந்த வீட்டு வாசலை அடைத்தது. அதற்கப்புறம் தங்கை போனைக்கூட எடுக்கவில்லை. நேற்றுதான் அவளே கூப்பிட்டாள். "காரு ரெடிண்ணா. அவரே உன்னை வரச் சொன்னாரு. வந்து நல்லதா நாலு வார்த்தை சொல்லு, போதும்."

இப்போது அவள் முன்சீட்டில் உட்கார்ந்து, "வாங்களேன், வெயில் ஏறுது" என்று சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! சொன்னால் தங்கை இனி இல்லை. சொல்லாவிட்டாலும் இல்லாமல் போகலாம்.

"மாப்ள, இந்த ஒரு பித்தளையை மட்டும் மாத்திட்டுப் போலாம். மரை ஒத்துக்கல. அரை மணியில நானே கொண்டாறேன்."

வாத்தியார் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வந்தா ஏதாவது கண்டுபிடிப்பீங்கன்னு தெரியும் மச்சான்."

"சத்தியமா குத்தம் சொல்லல."

பானெட் படாரென்று மூடியது. அவர் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். மெக்கானிக் மறுபக்கக் கதவைப் பிடித்தான். "நீயாவது இறங்கும்மா."

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் உன்னால சும்மா இருக்க முடியாதாண்ணா?" அவள் கண் நிறைந்துவிட்டது. கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டாள். "நீங்க எடுங்க."

மெக்கானிக் ஓடிப்போய் கேட்டைச் சாத்தி, அதில் முதுகை வைத்து நின்றான். திட்டட்டும், ஜென்மத்துக்கும் பேசாமல் இருக்கட்டும்.

வாத்தியார் சாவியைத் திருப்பினார். டக், டக், டக் என்று பம்பு அடிக்க ஆரம்பித்தது. குழாய் நிறைந்ததும் அது தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எங்கோ ஒழுகுகிறது. மூன்று வருஷம் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவருக்கு இது தெரியாதா என்ன? மெக்கானிக் எண்ணினான். பத்து, இருபது, முப்பது. நிற்கவில்லை. தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. முன்கண்ணாடி வழியே, கேட்டில் நின்ற மச்சானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல் எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் பித்தான்மேல் இருந்தது.