கிழக்குப் பார்த்த வீடு

மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அமெரிக்கா தேவலையா, பெங்களூர் தேவலையா? என் கணவர் எத்திராஜ் அதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறார். அங்கே ரோடு நன்றாக இருக்கும், இங்கே மனுஷர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்பார். வந்தவர்கள் திருப்தியாகக் காபி குடித்துவிட்டுப் போவார்கள்.

நாங்கள் விரும்பித் திரும்பியவர்கள் இல்லை. 2001-ல் அவருடைய கம்பெனியை மூடினார்கள். வேலையோடு விசாவும் போயிற்று. பெங்களூரில் வீடு பார்க்கச் சொல்லி அவர் அண்ணன் சாமிநாதனுக்குப் போன் செய்தோம். கிருத்திகாவுக்குச் சக்கர நாற்காலி, அதனால் தரைத்தளமாக இருக்கட்டும் என்று மட்டும் சொன்னோம். அவள் எங்கள் ஒரே பெண். பிறந்ததிலிருந்தே கால்கள் விளங்கவில்லை. இப்போது பதினொரு வயது.

அண்ணனைக் குறை சொல்ல முடியாது. அலையாய் அலைந்தார். காம்பஸ் வைத்துத் திசை பார்த்தார். கிழக்குப் பார்த்த வாசல், அக்னி மூலையில் சமையலறை, காவேரித் தண்ணீர், கூப்பிடு தூரத்தில் கோவில். எல்லாம் இருந்தது. குளியலறைக் கதவின் அகலத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. தண்ணீர் வெளியே வராமலிருக்க உயரமான வாசற்படி வேறு. கழிவறையும் அதற்குள்தான். நாற்காலி உள்ளே போகவே இல்லை.

அமெரிக்காவில் அவள் தானே குளியலறைக்குள் போவாள், தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள், பாடுவாள். அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தை ஒரு வசதி என்று நான் அப்போது நினைத்ததில்லை. இங்கே நான் தூக்கிக்கொண்டு போகிறேன். போன கோடையிலிருந்து அப்பா தூக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறாள். வளர்கிற பெண்.

மாடியில் இருக்கும் வீட்டுக்காரி லட்சுமம்மாவுக்கு எங்கள்மேல் பிரியம் அதிகம். எங்கள் செலவிலேயே கதவை அகலப்படுத்திக்கொள்கிறோம் என்று கேட்டோம்.

"அந்த மூலையில இடிச்சா மனைக்கு ஆகாதும்மா. வேற என்ன வேணா கேளு ராதா, செய்யறேன்" என்றார்.

சாயங்காலம் ஒப்பட்டு, நம் போளிதான், சுட்டு, நெய் ஊற்றி அனுப்பினார். நன்றாகத்தான் இருந்தது. அதன் பிறகு வேறு வீடுகள் பார்த்தோம். போகிற இடமெல்லாம் நான் முதலில் குளியலறையைத்தான் பார்த்தேன். எல்லாமே ஒரே அகலம்.

சேர்த்துக்கொண்ட பள்ளிக்கூடமும் நல்ல பள்ளிக்கூடம்தான். அவளுக்காக வகுப்பையே கீழே மாற்றினார்கள். மத்தியானம் ஆயா ஒரு தரம் கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போவாள், முனகிக்கொண்டே.

போன மாதம் காய்ச்சல், அடிவயிற்றில் வலி. பிள்ளை தண்ணீரே குடிப்பதில்லையா என்று டாக்டர் கேட்டார். அப்புறம்தான் பள்ளிக்கூடப் பையிலிருந்து பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். காலையில் நான் நிரப்பியது நிரப்பியபடி இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"குடிச்சா அங்க ஆயாவைக் கூப்பிடணும், இங்க உன்னைக் கூப்பிடணும். உனக்குத்தான் இடுப்பு வலிக்குதே."

அவரிடம் சொன்னேன். அப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் பாதிச் சம்பளத்துக்குப் புது வேலையில் சேர்ந்திருந்தார். திரும்ப அமெரிக்கா போக எங்கெங்கோ எழுதிப் போட்டுப் பார்த்தார். பதில் இல்லை. அதைப் பற்றி நாங்கள் பேசுவதை விட்டுவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். நல்ல வெயில். எல்லோருக்கும் மோர் கொடுத்தேன். அவர் கிருத்திகா பக்கத்தில் உட்கார்ந்து, பெரியவங்க சொல்றது இருக்கட்டும், நீ சொல்லு, அமெரிக்காவா பெங்களூரா என்று கேட்டார்.

அவள் அப்பா முகத்தைப் பார்த்தாள்.

"பெங்களூர்தான் பெரியப்பா."

"கேட்டியாடா எத்திராஜு. என்னமோ தப்புப் பண்ணிட்ட மாதிரி உட்கார்ந்திருக்கியே" என்று தொடையில் தட்டிச் சிரித்தார் அண்ணன். தாம் பிடித்துக் கொடுத்த வீடு அப்படி என்றும் சொல்லிக்கொண்டார்.

எத்திராஜ் தம் வழக்கமான பதிலைச் சொல்லவில்லை. கிருத்திகா டம்ளரை எடுத்து உதட்டை நனைத்துக்கொண்டு கீழே வைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோர் இறங்கவே இல்லை.

"குடிம்மா, வெயிலுக்கு நல்லது" என்றார் அண்ணன்.

"அப்புறமா குடிக்கறேன் பெரியப்பா" என்றாள்.